திரைக்குள் ஒரு போர்க்களம்

நுழையும்முன்

விளையாட்டு மனித இயல்புகளுள் ஒன்று. மண்ணில் குழி தோண்டிக் கோலி ஆடிய தலைமுறையை அடுத்து, கண்ணாடித் திரையில் விரல் பதித்து ஆடும் தலைமுறை தோன்றியுள்ளது. அத்திரை ஆட்டங்களுள் உலகெங்கும் பெருவிருப்புடன் ஆடப்படுபவை துப்பாக்கி ஏந்திப் போரிடும் ஆட்டங்கள். அவற்றை வெறுப்போரும் உளர். அவற்றிலேயே மூழ்கிக் கிடப்போரும் உளர். அவை இத்துணைப் பேரை ஈர்ப்பது ஏன் என்னும் வினாவிற்கு விடை காண முயல்கிறது இப்பாடம்.

குண்டு வரைந்த எல்லை

கடலூரில் கெடிலம் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே, தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையின் சிதைவுகள் உள்ளன. 1690ஆம் ஆண்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, அங்கிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு சென்று விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் கம்பெனிக்கே உரியவை என்பது உடன்பாடு. அதன்படிப் பல திசைகளிலும் பீரங்கி முழங்கியது. குண்டு விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ எனப் பின்னாளிலும் வழங்கப்பட்டன. கோட்டையைச் சுற்றிப் பீரங்கி வரைந்த அந்த எல்லைக்குள் வாழ்ந்த மக்களின் விருப்பத்திற்கு அவ்வுடன்பாட்டில் இடமில்லை.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், அதே கடற்கரை நகரின் இளைஞர்கள் திறன்பேசித் திரையில் வேறொரு வட்டத்தைக் கூர்ந்து நோக்கினர். ஆளில்லாத் தீவொன்றில் நூறு பேர் வான்குடையின் துணையோடு குதிக்கின்றனர். தீவின்மீது வரையப்பட்ட வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்குகிறது. வட்டத்திற்கு வெளியே நிற்பவர் வலுவிழந்து வீழ்வர். உள்ளே இருப்பவர் ஒருவரையொருவர் எதிர்கொண்டே ஆக வேண்டும். இறுதிவரை எஞ்சி நிற்பவரோ, எஞ்சி நிற்கும் குழுவோ வெற்றி பெறும். இதுவே ‘பப்ஜி’ என இளைஞர்களிடையே பெயர் பெற்ற ஆட்டம்.

முதல் வட்டம் மக்களின் வாழ்வை மாற்றிய வரலாறு. இரண்டாவது வட்டம் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் கற்பனை. உண்மைப் போரை எவரும் விரும்புவதில்லை. எனினும் போரின் சாயலில் அமைந்த ஆட்டத்தைக் கோடிக்கணக்கானோர் விரும்புகின்றனர். இம்முரணுக்கு ‘வன்முறை மோகம்’ என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடுவோர் பலர். அவ்விடை போதுமானதா என்பதை அறிய, இவ்வாட்டங்களின் அமைப்பை அணுகிக் காண வேண்டும்.

பெயரும் பிறப்பும்

ஆடுபவரின் கண்வழியே களத்தைக் காட்டும் சுடும் ஆட்டங்களை ‘முதல்நபர் சுடும் ஆட்டங்கள்’ என்பர். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடங்கள் உள்ளன. அவற்றுள் தன்மையிடத்தில் அமைந்தவை இவ்வாட்டங்கள். திரையில் ஆடுபவரின் உருவம் முழுமையாகத் தெரியாது. அவருடைய கைகளும் கையிலுள்ள கருவியும் மட்டுமே தெரியும். அவர் திரும்பினால் உலகம் திரும்பும்; அவர் குனிந்தால் நிலம் அருகில் வரும்.

இவ்வகையின் வித்து 1970களில் அமெரிக்காவில் உருவான ‘மேஸ் வார்’ என்னும் எளிய ஆட்டத்தில் காணப்படுகிறது. கோடுகளால் வரைந்த பாதைகளில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தேடித் திரிந்தனர். 1992இல் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய ‘உல்ஃபென்ஸ்டீன் 3டி’ இவ்வகைக்கு விரைவைத் தந்தது. அடுத்த ஆண்டு, 1993 டிசம்பர் 10 அன்று, அதே நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ உலகப் புகழ் பெற்றது.

டூமின் வெற்றிக்குத் தொழில்நுட்பம் மட்டுமே காரணமன்று. அதன் முதற்பகுதியை எவரும் விலையின்றி ஆடலாம். நண்பருக்குப் படியெடுத்தும் கொடுக்கலாம். பிடித்தவர்கள் எஞ்சிய பகுதிகளைப் பணம் கொடுத்துப் பெற்றனர். களங்களையும் ஓவியங்களையும் தனிக் கோப்புகளாக அமைத்திருந்ததால், ஆர்வமுடையோர் தாமே புதிய களங்களை உருவாக்கிப் பிறருக்கு வழங்கினர். விலையின்றித் தொடங்கலாம், நண்பரோடு பகிரலாம், தானும் படைக்கலாம் என்னும் இம்மூன்றும் பிற்கால ஆட்டங்களின் பரவலுக்கும் வழிகாட்டின.

கண்ணே களமாதல்

தன்மையிடப் பார்வை ஏன் இத்துணை ஆற்றல் வாய்ந்ததாக உள்ளது? திரைப்படம் பார்ப்பவர் கதைத்தலைவனின் அச்சத்தைக் காண்கிறார். முதல்நபர் ஆட்டத்திலோ அவ்வச்சம் ஆடுபவருக்கே நேர்கிறது. சுவருக்கு அப்பால் காலடி ஓசை கேட்கிறது. அது எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதொலிக் கருவியால் உணர முடிகிறது. ஆனால் வருபவர் யார் என்பது தெரியாது. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகிய அச்சம், இங்குச் சில நொடிகளில் தோன்றுகிறது. அதைக் கடந்து வென்றால், மற்றொரு மெய்ப்பாடாகிய பெருமிதம் உடனே பிறக்கிறது.

1998இல் வெளிவந்த ‘ஹாஃப் லைஃப்’ இந்தப் பார்வையைக் கதை சொல்லும் முறையாகவே வளர்த்தெடுத்தது. அதுவரை பெரும்பாலான ஆட்டங்கள் இடையிடையே ஆட்டத்தை நிறுத்திக் கதையைத் தனிக்காட்சியாகக் காட்டின. ஹாஃப் லைஃப் அவ்வாறு செய்யவில்லை. கார்டன் ஃப்ரீமேன் என்னும் இயற்பியலாளரின் கண்களிலிருந்து பார்வை ஒருபோதும் விலகுவதில்லை. அவர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசாத அம்மனிதரின் இடத்தை ஆடுபவர் தாமே நிரப்பிக்கொள்கிறார்.

இப்பார்வை ஆட்டத்தின் நீதியையும் மாற்றுகிறது. தன் உருவத்தைப் பின்னாலிருந்து காணும் படர்க்கைப் பார்வையில், சுவருக்குப் பின் மறைந்தபடியே அப்பால் நிற்பவரைக் காண முடியும். முதல்நபர் பார்வையில் அது இயலாது. பிறரைக் காண விரும்புபவர் தம்மையும் பிறர் காணுமாறு தலை நீட்ட வேண்டும். பப்ஜி ஆட்டம் இருவகைப் பார்வைகளையும் கொண்டது. எனினும் அதில் முதல்நபர் பார்வையைத் தேர்ந்துகொள்வோர் சமநீதியையே தம் விருப்பத்திற்குக் காரணமாகக் கூறுவர்.

செயலும் விடையும்

கோலி ஆடும் சிறுவனைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். அவன் குறி பார்க்கிறான், விரலை விடுவிக்கிறான், கோலியில் கோலி மோதும் ஓசை எழுகிறது. பட்டதா, தவறியதா என்பதை அவன் எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. தவறினால் எவ்வளவு தவறியது என்பதும் கண்முன்னே தெரிகிறது. அடுத்த முறை திருத்திக்கொள்கிறான்.

சுடும் ஆட்டங்களின் அடிப்படையும் இதுவே. திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது, ஆடுபவரின் சிறு அசைவுக்கும் கண்ணிமைக்கும் முன் விடை கிடைக்கிறது. ஓசை, ஒளி, கையிலுள்ள கருவியின் அதிர்வு ஆகியவை ஒருங்கே ‘பட்டது’ என்கின்றன. வகுப்பறைத் தேர்வின் விடை சில வாரங்களுக்குப் பின் வருகிறது. உழவின் விடை சில மாதங்களுக்குப் பின் வருகிறது. உடனுக்குடன் விடை தரும் செயல்களில் மனம் எளிதாக ஒன்றிவிடுவது இயல்பு.

இவ்வொன்றிய நிலையை விரிவாக ஆராய்ந்தவர் மிகாய் சிக்சென்ட்மிகாய் என்னும் உளவியலாளர். தெளிவான இலக்கு, உடனடி விடை, திறமைக்கு ஏற்ற அறைகூவல் ஆகிய மூன்றும் கூடும்போது மனிதர் நேரத்தையே மறந்து செயலில் ஆழ்வர் என்பது அவர் கண்ட முடிவு. அறைகூவல் மிக எளிதாயின் சலிப்பு வரும். மிகக் கடிதாயின் கலக்கம் வரும். வீணை பயில்வோரும் மலையேறுவோரும் சதுரங்கம் ஆடுவோரும் இந்நிலையை அறிவர். நல்ல ஆட்டமும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பாதையில் ஆடுபவரை நடத்திச் செல்கிறது.

2001இல் வெளிவந்த ‘ஹேலோ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரு வேளையில் இரண்டு படைக்கருவிகளை மட்டுமே ஏந்த முடியும். ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என ஆடுபவர் இடைவிடாது முடிவெடுக்க வேண்டும். அடிபட்டவர் சிறிது நேரம் மறைந்திருந்தால் அவருடைய காப்பு மீண்டும் நிரம்பும். எனவே பாய்தல், பதுங்குதல், மீண்டும் பாய்தல் என்னும் தாளம் ஆட்டம் முழுவதும் அமைந்தது. எண்ணற்ற கருவிகளைக் குவிப்பதைவிடத் தேர்வுகளைக் கூர்மையாக்குவதே ஆட்டத்தைச் சுவையாக்கும் என்பதை அது காட்டியது.

தோல்வியிலும் நீதி

வெற்றி ஈர்க்கும் என்பது தெளிவு. ஆனால் நூறு பேர் ஆடும் பப்ஜியில் ஒவ்வொரு முறையும் பெரும்பான்மையோர் தோற்கின்றனர். தோற்றவர் ஏன் மீண்டும் வருகின்றனர்? தோல்வி நீதியானது என அவர்கள் உணர்வதே காரணம். ‘வலப்பக்கம் பார்க்காமல் விட்டேன், அதனால் வீழ்ந்தேன்’ எனத் தோற்றவர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்ள முடிகிறது. பிழை தெரிந்தால் திருத்தவும் முடியும் என்னும் நம்பிக்கை அவரை மீண்டும் களத்திற்கு அழைக்கிறது.

இந்நீதியைச் செம்மையாக அமைத்துக் காட்டிய ஆட்டம் ‘கவுண்டர் ஸ்டிரைக்’. 1999இல் மாணவப் பருவத்திலிருந்த மின் லீ என்பவரும் அவருடன் இணைந்த ஜெஸ் கிளிஃப் என்பவரும் ஹாஃப் லைஃப் ஆட்டத்தை மாற்றியமைத்து இதை உருவாக்கினர். 2000இல் இது தனி ஆட்டமாக விற்பனைக்கு வந்தது. இதில் இரு அணிகள் மோதுகின்றன. ஒரு சுற்று சில நிமிடங்களே நீடிக்கும். வீழ்ந்தவர் அச்சுற்று முடியும்வரை பிறர் ஆடுவதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். இக்காத்திருப்பே ஒவ்வொரு முடிவுக்கும் எடை சேர்த்தது. மேலும், பார்த்துக் காத்திருந்தவர் தம்மினும் வல்லவரின் நுட்பங்களைக் கற்றுக்கொண்டார்.

பழந்தமிழ்ப் புறத்திணைகளை அறிந்தோர்க்கு இவ்வாட்டத்தின் அமைப்பு புதிதாகத் தோன்றாது. பகைவரின் ஆநிரையைக் கவர்தல் வெட்சி. கவரப்பட்டதை மீட்டல் கரந்தை. அரணை முற்றுகையிடல் உழிஞை. அரணைக் காத்தல் நொச்சி. கவுண்டர் ஸ்டிரைக் ஆட்டத்தின் சில களங்களில் ஓர் அணி பிணைக்கைதிகளைக் காவலில் வைக்க, மற்றோர் அணி மீட்கப் போராடுகிறது. வேறு சில களங்களில் ஓர் அணி குறித்த இடத்தைத் தாக்க, மற்றோர் அணி காக்கிறது. கவர்தல், மீட்டல், தாக்குதல், காத்தல் என்னும் எதிரிணைகள் போரைப் பாடிய புலவருக்கும் ஆட்டம் அமைப்பவருக்கும் பொதுவாக உள்ளன.

களங்களின் எண்ணிக்கை குறைவாயினும் அவை சலிப்பதில்லை. 2001இல் உருவான ‘டஸ்ட் 2’ என்னும் களம் இருபது ஆண்டுகளைக் கடந்தும் ஆடப்பட்டு வருகிறது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டின் கால்வாய்கள் புதியவருக்கு ஒன்றுபோலவே தோன்றும். படகோட்டியோ வேரின் வளைவையும் நீரின் ஓட்டத்தையும் கொண்டு வழி அறிவார். அதுபோல் பழகிய ஆட்டக்காரர் ஒவ்வொரு மூலையையும் பொருளுடையதாகக் காண்கிறார். ஓரிடத்தை ஆழ்ந்து அறிதலும் ஒருவகை இன்பமே.

இணைய மையத்திலிருந்து உள்ளங்கைக்கு

இவ்வாட்டங்கள் தமிழ்நாட்டின் சிறுநகரங்களை அடைந்த வழியும் கருதத்தக்கது. 2000களின் தொடக்கத்தில் வீட்டில் கணினி வைத்திருந்தோர் மிகச் சிலரே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் வாழும் சிதம்பரம் போன்ற கல்வி நகரங்களில் ‘பிரௌசிங் சென்டர்’ என மக்கள் வழங்கிய இணைய மையங்கள் பெருகின. விண்ணப்பம் அனுப்பவும் தேர்வு முடிவு காணவும் எழுந்த இத்தகைய மையங்கள் பலவற்றில், கணினிகளை ஒன்றோடொன்று கம்பியால் இணைத்துக் கவுண்டர் ஸ்டிரைக் ஆடுவதும் வழக்கமாயிற்று. மணிக்கணக்கில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்ததால், பணம் தீர்ந்ததும் ஆட்டமும் முடிந்தது. எதிரணி நண்பர் அடுத்த நாற்காலியிலேயே இருந்தார். எல்லோரும் ஒருங்கே வீடு திரும்பினர்.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் 4ஜி சேவை தொடங்கியபின் இணையத் தரவின் விலை வெகுவாகக் குறைந்தது. விலை மலிந்த திறன்பேசிகளும் பரவின. அயர்லாந்து நாட்டவரான பிரெண்டன் கிரீன் வடிவமைப்பில் 2017இல் தென்கொரிய நிறுவனம் வெளியிட்ட பப்ஜி, 2018இல் திறன்பேசி வடிவம் பெற்றது. அதை விலையின்றிப் பதிவிறக்கலாம். நால்வர் சேர்ந்து குழுவாக ஆடலாம். ஆடும்போதே தமிழில் பேசிக்கொள்ளலாம். கடலூரில் பள்ளியிறுதி முடித்துச் சென்னைக்கும் கோவைக்கும் பிரிந்து செல்லும் நண்பர்கள், இரவில் ஒரே தீவில் கூடலாம். இத்தகைய இளைஞர்களுக்கு ஆட்டம் பாதி, அரட்டை பாதி. திண்ணையும் தெருமுனையும் தந்த கூடலை அத்தீவு தந்தது.

இதன் வளர்ச்சி அரசுகளின் கவனத்தையும் ஈர்த்தது. 2019இல் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் காவல்துறை இவ்வாட்டத்திற்குத் தடை விதித்தது. 2020 செப்டம்பர் 2 அன்று, நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணமாகக் காட்டி ஒன்றிய அரசு தடைசெய்த 118 செயலிகளுள் பப்ஜியும் ஒன்று. 2021 ஜூலையில் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்னும் பெயரில் இந்தியாவிற்கென மாற்றியமைக்கப்பட்ட வடிவம் வெளிவந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறை மறைந்து தோன்றியபோதும் ஆடுபவர்கள் திரும்பி வந்தனர்.

குருதியா ஈர்க்கிறது?

இந்தியாவிற்கென மாற்றியமைத்த வடிவத்தில் ஒரு மாற்றம் குறிப்பிடத்தக்கது. குண்டு படும்போது தெறிக்கும் குருதியின் சிவப்பு நிறம் பச்சையாக மாற்றப்பட்டது. நிறம் மாறியதால் ஆட்டத்தின் செல்வாக்குக் குறைந்துவிடவில்லை. சீனாவில் 2019இல் வெளிவந்த இணை வடிவத்தில், சுடப்பட்டவர் குருதி சிந்தி வீழ்வதில்லை. தம் உடைமைகள் அடங்கிய பெட்டியை வைத்துவிட்டுக் கையசைத்து விடைபெறுகிறார். அங்கும் ஆட்டம் பெருவெற்றி பெற்றது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டு பதக்கத்திற்குரியதாக்கப்பட்டது. அங்கு இடம்பெற்ற பப்ஜி வடிவத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் சுடவில்லை. இலக்குப் பலகைகளையே சுட்டனர்.

இச்சான்றுகள் முன்னர் எழுப்பிய வினாவிற்கு விடை தருகின்றன. குருதியை நீக்கினும் ஈர்ப்பு எஞ்சுகிறது. குறி பார்த்தல், உடனடி விடை, நீதியான தோல்வி, நண்பர் கூட்டு ஆகியவற்றை நீக்கினால் எத்துணைக் குருதி சிந்தினும் ஆட்டம் சலித்துவிடும். போர் என்பது இவ்வாட்டங்களின் உடை. அதனுள் இருக்கும் உடல் திறன்பயிற்சியே ஆகும்.

கலையும் வணிகமும்

இதுவரை கூறப்பட்டவை ஆட்டத்தைச் சிறப்பிக்கும் கலைக்கூறுகள். ஆடுபவரைப் பிடித்து வைக்கும் வணிகக் கூறுகள் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

விலையின்றிக் கிடைக்கும் ஆட்டம் வேறு வழியில் வருவாய் ஈட்ட வேண்டும். ஆடுபவரின் உடை, கருவியின் வண்ணம் போன்ற அணிகளை அது விற்கிறது. அவற்றுள் சில, உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாத பெட்டிகளாக விற்கப்படுகின்றன. பி. எஃப். ஸ்கின்னர் என்னும் அமெரிக்க உளவியலாளர் புறாக்களைக் கொண்டு செய்த ஆய்வுகளில், எப்போது தீனி கிடைக்கும் என்பது உறுதியாகத் தெரியாதபோது அவை விடாது கொத்திக்கொண்டே இருந்தமை கண்டறியப்பட்டது. மறைபெட்டியின் உத்தியும் அத்தகையதே. அதனைச் சூதாட்டத்தின் பாற்பட்டதாகக் கருதிய பெல்ஜியம் நாடு, 2018இல் அதற்குத் தடை விதித்தது.

நாள்தோறும் வருகை தந்தால் பரிசு, வாராவாரம் முடிக்க வேண்டிய பணிகள், குறித்த காலத்தில் முடிக்காவிடில் கைநழுவும் அணிகலன்கள் ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. தொடக்கநிலை ஆட்டங்களில் கணினியே இயக்கும் பொம்மை வீரர்கள் கலந்திருப்பதும் உண்டு. அவர்களை எளிதில் வீழ்த்தும் புதியவர், தம் திறமை விரைந்து வளர்வதாக எண்ணி மகிழ்வார்.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். இணைய மையத்தில் நண்பரோடு ஆடியவரை மீண்டும் அழைத்தது ஆட்டத்தின் சுவை. இன்று நள்ளிரவில் திறன்பேசியைத் திறக்கச் செய்வது சில வேளைகளில் சுவையன்று. இழந்துவிடுவோமோ என்னும் பதற்றம். ‘ஆடப் பிடிக்கிறது’ என்பதும் ‘ஆடாமல் இருக்க முடியவில்லை’ என்பதும் ஒன்றல்ல. முன்னதை உருவாக்குவது கலைஞரின் திறன். பின்னதை உருவாக்குவது வணிகரின் கணக்கு.

தெரிந்து தெளிவோம்

உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்கள் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ‘விளையாட்டுக் கோளாறு’ ஒரு குறைபாடாக இடம்பெற்றுள்ளது. ஆடுவதைக் கட்டுப்படுத்த இயலாமை, பிற கடமைகளையும் விருப்பங்களையும் விட ஆட்டத்திற்கே முதன்மை அளித்தல், தீங்கு நேர்ந்தும் தொடர்ந்து ஆடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்து, கல்வியையும் குடும்ப வாழ்வையும் கடுமையாகப் பாதித்தால் மட்டுமே இக்குறைபாடு உள்ளதாகக் கொள்ளப்படும். ஆடுவோர் அனைவரும் நோயர் அல்லர்.

நன்மையும் தீமையும்

2003இல் ‘நேச்சர்’ இதழில் ஷான் கிரீன், டாஃப்னே பாவெலியர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, விரைவு ஆட்டங்களை ஆடுவோர் காட்சிக் கவனத் தேர்வுகளில் மற்றவரைவிடச் சிறந்து விளங்கியதைக் காட்டியது. பல பொருள்களை ஒருங்கே கண்காணிக்கவும், ஓரக்கண்ணில் படுவதை உடனே உணரவும் அவர்களால் முடிந்தது. இத்திறன் உண்மையானது. எனினும் கண்ணின் கூர்மை வேறு. ஒரு நூலை ஊன்றிப் படிக்கும் பொறுமை வேறு. ஒன்றின் வளர்ச்சி மற்றொன்றைத் தானே கொண்டுவந்துவிடாது.

இவ்வாட்டங்கள் ஆடுபவரை வன்முறையாளராக்குமா என்பது நெடுநாள் விவாதம். அமெரிக்க உளவியல் கழகம் 2020இல் வெளியிட்ட தீர்மானம் இருபுறமும் நோக்குகிறது. கொடிய வன்செயல்களுக்கு இவ்வாட்டங்களே காரணம் எனக் கூறப் போதிய சான்று இல்லை என்கிறது. அதேவேளையில், கத்துதல், தள்ளுதல் போன்ற சிறு சினச்செயல்களோடு அவற்றிற்குச் சிறிய அளவில் தொடர்புள்ளது என்றும் கூறுகிறது. ஆகவே ஆட்டத்தை அனைத்துக் கேடுகளுக்கும் மூலமாகக் காட்டுவதும், அதில் தீதே இல்லை என வாதிடுவதும் ஆராய்ந்து கூறும் முடிவுகள் ஆகா.

உறுதியாகக் கூறத்தக்க இழப்பு ஒன்று உண்டு. அது நேரம். ‘இன்னும் ஒரே ஓர் ஆட்டம்’ என்பது அரை மணி. அத்தகைய ஆட்டங்கள் ஆறு சேர்ந்தால் ஓர் இரவின் உறக்கத்தில் கணிசமான பகுதி கரையும். பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா வெளிவந்தபோது, 18 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் ஒப்புதலோடு நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டுமே ஆடலாம் என நிறுவனமே வரம்பு வகுக்க வேண்டியிருந்தது. அந்த 3 மணி நேரமும் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவரின் நாளில் சிறியதன்று.

திரை காட்டாதது

எல்லா ஆட்டங்களும் சிலவற்றைக் காட்டாமல் விட்டே சுவை பெறுகின்றன. திரைப் போரில் வீழ்ந்தவர் அடுத்த சுற்றில் எழுந்து வருகிறார். அவரைத் தேடி எந்தத் தாயும் களத்திற்கு வருவதில்லை. அவர் பெயரில் நடுகல் நடப்படுவதில்லை. பாழான வயலை மீண்டும் உழ வேண்டியவர் அங்கு எவருமில்லை.

தமிழ்ப் புற இலக்கியம் இவ்விடத்தில் வேறுபடுகிறது. அது வீரத்தைப் போற்றியது. போரின் விலையையும் மறைக்கவில்லை. கணவனை இழந்தோரின் துயரையும், மகனை இழந்த முதியோரின் நிலையையும் அது பாடியது. சோழ மரபினரான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து நின்றபோது, இருவரும் ஒரே குடியினர் என்பதை எடுத்துரைத்துப் போரைத் தவிர்க்க முயன்றார் கோவூர்கிழார். போரை நிறுத்தச் சொல்லும் புலவருக்கும் புறப்பாடலில் இடம் இருந்தது. சுடும் ஆட்டங்களின் களத்தில் அத்தகைய குரலுக்குப் பெரும்பாலும் இடமில்லை. துப்பாக்கியைக் கீழே வைப்பவர் அங்குத் தோற்றவராகவே கருதப்படுவார்.

இக்குறையை அறிந்து ஆடுவோர்க்கு ஆட்டம் ஆட்டமாகவே நிற்கும். குறி பார்க்கும் இன்பத்தையும் நண்பரோடு கூடும் மகிழ்வையும் அவர் பெறலாம். தம்மை இருத்தி வைத்திருப்பது ஆட்டத்தின் சுவையா, மறைபெட்டியின் ஆசையா என அவர் தம்மையே வினவிக்கொள்ளலாம். வணிகக் கணக்கை அறிந்தவரே எத்தனை ஆட்டத்தோடு நிறுத்துவது என்பதைத் தாமே முடிவு செய்ய வல்லவர் ஆவார். அம்முடிவை நிறுவனமும் தடையுத்தரவும் அவருக்காக எடுக்க வேண்டிய தேவை அப்போது எழாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்னர் ஆடப்பட்டு இன்று அருகிவிட்ட விளையாட்டு ஒன்றைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, அதன் விதிகளையும் அது தந்த மகிழ்வையும் எழுதுக.
2. நீங்களோ உங்கள் நண்பரோ ஆடும் திரை ஆட்டம் ஒன்றின் கூறுகளைக் ‘கலை’, ‘வணிகம்’ என இரு பிரிவாகப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

கவரப்பட்ட ஆநிரையை மீட்டலைக் கூறும் திணை
அ) வெட்சி ஆ) கரந்தை இ) உழிஞை ஈ) நொச்சி

குறுவினா

1. ‘குண்டு கிராமங்கள்’ என்னும் பெயர் வந்த காரணத்தைக் கூறுக.
2. முதல்நபர் பார்வைக்கும் படர்க்கைப் பார்வைக்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா

1. தோற்றவரும் மீண்டும் ஆட வருவதற்குரிய காரணத்தைக் கவுண்டர் ஸ்டிரைக் ஆட்டத்தின் அமைப்பைக் கொண்டு விளக்குக.
2. சுடும் ஆட்டங்களின் ஈர்ப்பிற்குக் குருதிக் காட்சிகளே காரணம் என்னும் கருத்தைச் சான்றுகளுடன் மறுக்க.

நெடுவினா

‘ஆடப் பிடிக்கிறது என்பதும் ஆடாமல் இருக்க முடியவில்லை என்பதும் ஒன்றல்ல’ – இக்கூற்றைப் பாடக் கருத்துகளின் வழி நின்று விவரிக்க.